ஓலைக்கு எழுந்து நின்றவள்

ஆஞ்சலாவின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, அதற்கு ஆட்சேபம் சொல்ல எழுந்து நின்றது எட்டு வயது ஆஞ்சலா. பெரிய ஆஞ்சலாவுக்கு இருபத்தெட்டு. அவள் அதே வரிசையின் ஓரத்தில், கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்கிறவன் இந்த முறையாவது சொன்ன நாளில் கொடுப்பானா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர் எல்லாம் வாசித்து, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்பார்கள். அதுதான் ஓலை. ஆஸ்டின் டவுன் கோவிலில் எவருக்கும் நினைவு தெரிந்து ஒருவரும் எதையும் தெரிவித்ததில்லை. கறிக்கடையில் கூட்டம் சேர்ந்திருக்குமா என்று ஜனங்கள் கவலைப்படுகிற நேரம் அது. ஆகவே மாதா திருவிழாவுக்கு நேர்ந்து போடும் காவி கவுனில் ஒரு பொடிசு பெஞ்சின் மேல் ஏறி, "எனக்குத் தெரியும் ஃபாதர்" என்றபோது, ஃபாதர் க்ளென் ஓலையில் அடுத்த வரியைத் தேடினார். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

"இவ வேலைய விடப் போறா. விடறேன்னுகூட சொல்லல. சும்மா இருந்தா. அது அதைவிட மோசம்" என்றது பொடிசு.

அந்தப் பிள்ளை யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆஞ்சலாவின் அம்மா கவுனின் மடிப்பைத் திருப்பிப் பார்த்து, "இருபது வருஷத்துக்கு முந்தி இவளுக்கு நான் தைச்சதுதான், இங்க நூல் தீந்து போச்சுன்னு பச்சை நூல் போட்டேன்" என்று சொல்லிவிட்டாள். தாயே சொன்ன பிறகு பேச்சு ஏது.

விஷயம் என்னவென்றால், ஆஞ்சலாவின் அப்பா சில்வெஸ்டர் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். மகள் பீன்யாவில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் லேபில், அதே பெயின்டைச் சோதித்துப் பார்த்து, ஆகாது என்று திருப்பி அனுப்புகிறவள். அந்தக் குடும்பத்தின் முதல் டிகிரி அவளுடையது. அதைச் சட்டம் போட்டு, மாதா படத்துக்கு நாலு விரல் மேலே மாட்டியிருந்தார் சில்வெஸ்டர். மாதா அதற்குக் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. மாப்பிள்ளை கிளெமென்ட் ஜோகுபாளையத்துப் பையன். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோன் மாட்டி வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்காரன். இருவரும் ஒரு நண்பர் கல்யாணப் பந்தியில் ஒரே குஸ்கா தட்டுக்குக் கை நீட்டி, மூன்று வருஷம் காதலித்து, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கினவர்கள். நிச்சயதார்த்தத்தில் கேக் வெட்டி ஊட்டியதும் கிளெமென்டின் அம்மா யூனிஸ், வானிலை சொல்வதுபோல, "பீன்யா எங்க, ஜோகுபாளையம் எங்க. கல்யாணத்துக்கப்புறம் வேலைய விட்ரட்டும். வீட்டுக்கு ஒரு ஆள் வேணுமில்ல" என்றாள். சில்லறை தராத பஸ் கண்டக்டரை மூன்று ஸ்டாப் வரைக்கும் விடாமல் பேசிய ஆஞ்சலா அன்றைக்குப் பேசவில்லை. வாயில் கேக் இருந்தது. விழுங்கிய பிறகும் பேசவில்லை. அம்மா கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். கிளெமென்ட் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் சும்மா இருந்தால் அதற்கு ஊரில் சம்மதம் என்று பெயர். ஆண் சும்மா இருந்தால் நல்ல பையன் என்று பெயர்.

பூசை முடிந்து ஃபாதர் க்ளென் பொடிசை அலுவலக அறைக்குக் கூட்டிப்போய், வேலையை விடுவது திருமணத் தடைகளில் சேராது என்று பொறுமையாக விளக்கினார். எவையெல்லாம் சேரும் என்று அது கேட்டது. ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், நெருங்கிய ரத்த உறவு, நேர்ச்சை செய்துகொண்டவர் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். "ஆங், நேர்ச்சை. சிவாஜிநகர் மாதா திருவிழாவுல கொடியப் புடிச்சிட்டு, இனிமே யார் சொன்னாலும் கையில இருக்கிறத விடமாட்டேன்னு மாதாகிட்ட நேர்ந்துட்டேன்" என்றது. ஃபாதர் மங்களூர்க்காரர், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். தலையைச் சொறிந்தார். மூன்றாம் ஓலைக்குள் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், தீராவிட்டால் என்னால் கல்யாணம் மந்திரிக்க முடியாது என்று பெரியவளிடம் சொல்லி அனுப்பினார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஆஞ்சலாவுக்கு கிளெமென்டும் வேண்டும், பீன்யாவும் வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும் தைரியம்தான் எங்கேயோ போய்விட்டிருந்தது. எங்கே போயிருந்தது என்று இப்போது தெரிந்தது. வீட்டில் அவள் தட்டிலிருந்தே மீன் வறுவலை எடுத்துத் தின்றுகொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலை இல்லாவிட்டாலும் வந்தார்கள், பொடிசு கதை சொல்வதைக் கேட்க. கிறிஸ்துமஸ் குடிலில் மாடு உடைந்துபோனபோது பிளாஸ்டிக் டைனோசரை வைத்து, மூன்று ராஜாக்களில் ஒருவரை அதன் வாயில் செருகியது யார் என்பது இருபது வருஷத்துக்குப் பிறகு தெரியவந்தது. முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சொல்லத் தன்னிடம் பாவமே இல்லை என்று பயந்து, பத்துக் கட்டளையில் ஒன்றைப் பார்த்து எடுத்து, "பிறர் மனைவியை விரும்பினேன் சாமி" என்று சொன்னதும் தெரியவந்தது. பக்கத்து வீட்டு டியூஷன் மிஸ் முறுக்கு கொடுப்பாள், அதனால் விரும்பினாளாம். தண்டனையாகக் கிடைத்த மூன்று அருள்நிறை மந்திரத்தில் இரண்டை இன்னும் சொல்லவில்லையாம். பெரிய ஆஞ்சலா லேபிலிருந்து வரும்போதெல்லாம் தெருவே அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் பொடிசுக்கு முட்டை பப்ஸ், ரிப்பன், ரப்பர் வைத்த பென்சில் எல்லாம் வாங்கிக் கொடுத்து, அடுத்த ஞாயிறு உட்கார்ந்தே இருக்கும்படி கேட்டாள். பொடிசு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. இரண்டாம் ஓலைக்கு எழுந்தும் நின்றது.

அந்த இரண்டாம் ஞாயிறு கிளெமென்டும் யூனிஸும் சமாதானம் பேசலாம் என்று ஆஸ்டின் டவுனுக்கு வந்திருந்தார்கள். கூடவே ஒரு பையனும் வந்தான். முந்தின நாள் ஜோகுபாளையம் வீட்டு வாசலில், காவிச் சட்டையும் ரத்தம் கசியும் முழங்கையுமாக நின்றவன். பத்து வயது கிளெமென்ட். வந்த வேகத்தில் அவனும் வீட்டு மானத்தை வாங்கியிருந்தான். பூசைக்கு உதவும் சிறுவனாக இருந்த காலத்தில், மந்திரிக்காத அப்பம் ஒரு பாக்கெட்டை ஜாம் தொட்டுத் தின்று தீர்த்தது தான்தான் என்றான். பெரியவன் பங்குக்கு, அவன் காலேஜ் சேர்ந்த புதிதில் அம்மாவின் கண்மையால் மீசை வரைந்துகொண்டு போய், மழையில் நனைந்து, தாடியோடு திரும்பி வந்ததை யூனிஸே சொல்லிவிட்டாள். ஆஞ்சலா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் பையன் வந்த காரணம் வேறு. கோவில் வாசலில் காவி கவுனைப் பார்த்ததும் கையை நீட்டிக் காட்டி, "மம்மி, இதான் அந்த நாயி" என்றான்.

நடந்தது இது. கிளெமென்டின் வலது முழங்கையில் ஒரு தழும்பு. சிறுவயதில் மாதா திருவிழாக் கூட்டத்தில் நாய் கடித்தது என்றுதான் குடும்ப வரலாறு. யூனிஸ் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, அந்தக் காலத்து வழக்கப்படி தொப்புளைச் சுற்றி ஊசி போட்டிருந்தாள். அதிலிருந்து கிளெமென்டுக்கு நாய் என்றாலே நடுக்கம். ஒரு குட்டி நாய்க்காக மூன்று தெரு சுற்றிப் போவான். உண்மையில் அன்றைக்கு அவன், கொடியைப் பிடித்திருந்த ஒரு குட்டிப் பெண்ணிடம் போய், பொண்ணுங்க கொடி பிடிக்கக்கூடாது, போய்ப் பூக்கூடை புடி என்று சொல்லிக் கொடியை இழுத்திருக்கிறான். கொடி வரவில்லை. பல் வந்தது.

"ஊசி போடறப்பகூட சொல்லக்கூடாதாடா?" என்றாள் யூனிஸ்.

"பொண்ணு கடிச்சான்னு எப்டி மம்மி சொல்றது?" என்றான் சின்னவன்.

பெரியவன் தழும்பைத் தடவிக்கொண்டே, "நெஜமாவே நாயின்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன்" என்றான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நாயாகிவிட்டிருந்தது. தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளின் பல்வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம், இனி நாய்களோடு தனக்குப் பகை இல்லை என்று தீர்மானித்து, ஜோகுபாளையம் தெருமுனை நாயைத் தடவிக் கொடுத்தான். அது கடித்தது. ஊசியை இப்போதெல்லாம் கையில்தான் போடுகிறார்கள்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின நாள் ஆஞ்சலா பப்ஸ் எதுவும் வாங்கவில்லை. பொடிசுக்குத் தலை வாரிக்கொண்டே, நாளைக்கும் எழுந்து நிற்கப் போகிறாயா என்று கேட்டாள். "நீ சொல்லிட்டா நான் எதுக்குச் சொல்லப் போறேன். எனக்கென்ன, அந்த பெஞ்சு ஆடுது" என்றது பொடிசு. சீப்பு அதன்பிறகு ஓடவில்லை. ராத்திரி முழுக்க ஆஞ்சலா ஒரே வாக்கியத்தைப் பலவிதமாக மனதுக்குள் மாற்றி மாற்றிப் போட்டாள். லேபில் திருப்பி அனுப்பும் சரக்கைப் போல ஒவ்வொன்றும் ஆகாது என்று திரும்பி வந்தது.

மறுநாள் கோவிலில் நிற்க இடமில்லை. மற்ற பங்குகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கறிக்கடைக்காரர்களே வந்திருந்தார்கள் என்பதால் கடையில் கூட்டம் சேரும் பயமும் இல்லை. ஃபாதர் க்ளென் ஓலையை வாசித்து முடித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று ஆரம்பித்து, காவி கவுனைப் பார்த்தார். அது ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எழுந்து நின்றது பெரியவள்.

"ஒரு ஆட்சேபம் இருக்கு ஃபாதர். எனக்கே" என்றாள். பிறகு திரும்பி, "யூனிஸ் ஆன்ட்டி, நான் வேலைய விடமாட்டேன். கிளெமென்டையும் விடமாட்டேன். அன்னிக்கே சொல்லிருக்கணும். வாயில கேக் இருந்துச்சு" என்றாள்.

யூனிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "இத்தன நாளாவா அந்தக் கேக்க மென்னுட்டிருந்த?"

எங்கேயோ ஒரு கிழவர் சிரித்து இருமினார். ஆண்கள் பக்கத்தில் சின்ன கிளெமென்ட் பெரிய கிளெமென்டின் சட்டையைப் பிடித்து, "எந்திரிடா, வாயத் தொறக்காம நான் ஊசி போட்டுட்டது போதும்" என்று இழுப்பது எல்லோருக்கும் கேட்டது. பெரியவன் எழுந்தான். மேலே மின்விசிறி இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. "மம்மி, வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்னீங்க இல்ல. நாள் பூரா நான் வீட்லதான இருக்கேன்" என்றான்.

"நீ ஆளாடா?" என்றாள் யூனிஸ்.

"பாத்திரம் தேய்ப்பேன் மம்மி."

யூனிஸ் மகனைப் பார்த்தாள். இன்னும் பெஞ்சின் மேல் ஏறாமல், ஆனால் ஏறத் தயாராக ஒரு காலைத் தூக்கி வைத்திருந்த காவி கவுனைப் பார்த்தாள். அதன் பல்லையும் பார்த்தாள். "கல்யாணத்த முடிச்சு வைங்க ஃபாதர். இனி இந்த வயசுல எவனுக்கும் ஊசி போட என்னால ஓட முடியாது" என்றாள். காவி கவுன் காலை இறக்கிக்கொண்டது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சின்னவளைப் பூக்கூடை பிடிக்கச் சொன்னார்கள். அவள் கொடிதான் பிடிப்பேன் என்றாள். பிடித்தாள். போட்டோகாரர் பெண் வீட்டார் வரிசையிலும் மாப்பிள்ளை வீட்டார் வரிசையிலும் ஒரே ஆளை இரண்டு உயரத்தில் எடுத்தார், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. வேலை முடிந்துவிட்டதே, இனிப் போய்விடுவார்கள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். பிள்ளைகள் போகவில்லை. ஜோகுபாளையம் வீட்டு மாடி அறையில் அடித்துக்கொண்டு கிடந்தார்கள். விடுமுறை நாட்களில் பொடிசு ஆஞ்சலாவோடு பீன்யாவுக்குக் கிளம்பிவிடும். மெட்ரோவில் மூன்றடிக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் டிக்கெட் இல்லை, இது அதைத் தாண்டியிருந்ததால் வாங்க வேண்டியிருந்தது. மெஜஸ்டிக்கில் ரயில் மாறும்போது கூட்டத்தில் யாராவது ஆஞ்சலாவை இடித்தால், அது அவர்கள் முழங்கையை ஒருமாதிரி பார்க்கும். அவர்கள் வழி விடுவார்கள்.

அந்த மழைக்காலம் முடியும் சமயம், ஒரு காலையில் தண்ணீர் பிடிக்கக் கேட்டைத் திறந்த யூனிஸ், படியில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஏழு வயது இருக்கும். பாவாடையெல்லாம் தங்கவயல் மண். ஒரு காலில் மட்டும் செருப்பு. யூனிஸ் பிறந்து வளர்ந்தது தங்கவயலில். இன்னொரு செருப்பு மாரிக்குப்பம் ஸ்டேஷன் தண்டவாளத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்பது அவளுக்குத் தெரியும். இன்ஜின் ஓட்டுகிறவரிடம், எனக்கும் கத்துக்கொடு என்று கேட்க அவள் ஓடின நாள் அது.

"ஓலை வாசிச்சிட்டாங்களா?" என்று பிள்ளை கேட்டது.

"எனக்கு வாசிச்சி முப்பத்திரண்டு வருஷம் ஆச்சுடி."

"ட்ரெயின் லேட்டு" என்றது பிள்ளை.

யூனிஸ் குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு அதன் காலைக் கழுவினாள். "எப்பவுமே லேட்டுதான் அந்த ட்ரெயினு. உள்ள வா, இட்லி ஆறுது" என்றாள். அன்று கழுவ ஒரு தட்டு கூடுதலாக விழுந்தது. கிளெமென்ட் கழுவினான்.