ஆறு மணி நாடி

விடியற்காலை ஐந்து மணிக்கு இருபத்து நான்கு படுக்கைகளுக்கும் விரிப்பு மாற்றி, உடம்பு துடைத்து, மூத்திரச் சட்டிகளைக் கழுவ அட்டெண்டர் இருளாயி ஒருத்திதான். நாடியும் காய்ச்சலும் பார்க்க நான் ஒருத்தி. முன்பு இதே வார்டில் நாங்கள் நான்கு பேர். 1985இல் மலேசியாவின் ஈப்போவிலுள்ள எங்கள் தனியார் மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எழுத்து வேலை குறையும் என்றார்கள். ஆள்தான் குறைந்தது. கம்ப்யூட்டருக்குக் குளிர்சாதன அறை கிடைத்தது. வார்டில் இரண்டு மின்விசிறிகள் ஓடவில்லை.

ஆறு மணி நாடிக் கணக்கு ஆறு மணிக்கே கீழே கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட வேண்டும். ஏழு மணிக்கு டாக்டர் சுற்றி வரும்போது அச்சடித்த தாள் தயாராக இருக்க வேண்டுமாம். எனக்கென்ன பத்துக் கையா? தூங்குகிறவர்களுக்கு முந்தைய முறை எடுத்த எண்ணையே ஐந்தரைக்கு எழுதி அனுப்பிவிடுவேன். எல்லா நர்சுகளும் அப்படித்தான் செய்தோம். யாரும் வாய் திறந்ததில்லை.

அன்று தாள் கீழே போன பிறகு இருளாயி ஓடி வந்தாள்.

"மிசி, பதினொன்னாங் கட்டில் கருப்பம்மா கை ஜில்லுனு இருக்கு. வேர்த்துக் கொட்டுது. வந்து பாருங்க."

"இப்பத்தான் பார்த்தனான். நாடி எண்பது. நீ உன்ர வேலையைப் பார்."

நான் பார்க்கவே இல்லை. எழுதிய பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். ஆறரைக்குக் கருப்பம்மாள் மயங்கிவிட்டார். அறுவைக் காயம் உள்ளே கசிந்திருந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள்.

மூன்றாம் நாள் காலை முதலாளி டாக்டர் ஸ்கந்தராஜா என்னை அறைக்கு அழைத்தார். மேசைமேல் அந்தக் கம்ப்யூட்டர் தாள் இருந்தது.

"ஆறு மணிக்கு எல்லாம் சரியெண்டு இதில இருக்கு. பிறகு நடந்ததை அந்த அட்டெண்டர் சொல்லேல்லை. அவளை நிப்பாட்டிட்டன். நீர் சாட்சிக் கையெழுத்து வையும்."

"அவ சொன்னவ, டாக்டர்."

"கௌரி, நீர் எங்கட ஆள். தோட்டத்துச் சனத்துக்காக உம்மட வேலையை ஏன் கெடுக்கிறீர்?"

நானும் டாக்டரும் யாழ்ப்பாணத்து வழியினர்; இருளாயி ரப்பர் தோட்டக் கூலிகளின் வழி. அந்த 'எங்கட ஆள்' ஒரு நொடி இதமாக இருந்தது. நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. நான் கையெழுத்து வைக்கவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்து வந்துவிட்டேன்.

உடை மாற்றும் அறையில் இருளாயி தன் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நர்சுகள் வீரம்மாவும் காளியம்மாவும் பக்கத்தில் நின்றார்கள்.

"கருப்பம்மாவின்ர நாடி நான் பார்க்கேல்லை," என்றேன். "முன்கூட்டியே எழுதிட்டன்."

"நானும் அப்படித்தான் எழுதுறேன் லா," என்றாள் வீரம்மா.

"யாருதான் எழுதல? வெளிய சொன்னா எல்லாருக்கும் வேலை போயிரும்," என்றாள் காளியம்மா.

"சொல்லலன்னா இவங்களுக்கு மட்டும் போவும்," என்றாள் வீரம்மா, இருளாயியைக் காட்டி.

நான் அழுதுகொண்டே இருளாயியின் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொண்டாள்.

"நீங்க அழுதா என் வேலை திரும்பி வருமா, மிசி? புந்தோங் வீட்டுல மூணு புள்ளைங்க என்னை நம்பி இருக்கு. அவருகிட்ட வந்து சொல்லுங்க. நானும் வாரேன்."

ஒரு தாள் எடுத்து, பிரதிக்காகக் கீழே கார்பனும் வைத்தேன். முன்கூட்டியே எழுதியதை ஒப்புக்கொண்டு, ஏன் எழுத நேர்ந்தது என்பதையும் எழுதினேன். இருளாயிக்கு வேலை திரும்ப வேண்டும். வார்டுக்கு ஆள் வேண்டும். இனி கையைப் பிடித்துப் பார்க்காமல் ஓர் எண்ணும் கீழே போகாது. என் கையெழுத்து முதலில். வீரம்மா அடுத்து. காளியம்மா கடைசியாகப் போட்டாள்.

நால்வரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்ததை டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"எல்லாரையும் நிப்பாட்டட்டோ?"

இருளாயிதான் பேசினாள்.

"நிப்பாட்டுங்க, டாக்டர். நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டர மேல அனுப்பி நாடி பாக்கச் சொல்லுங்க."

வெளியே இருக்கச் சொன்னார். மதியம் வரை கதவு திறக்கவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெஞ்சில் இருளாயி எனக்குச் சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பிற்பகல் ஷிப்டுக்கு வந்த இரண்டு நர்சுகள் எங்கள் பிரதியை வாங்கி நின்றபடியே படித்தார்கள். ஒருத்தி பேனா கேட்டாள். இருளாயி எழுந்து வந்து, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.