முதல் கோடை மழை வரைக்கும்

மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் காவேரி வீட்டு வாசலில் நிற்கும் புங்கமரத்துக்கு, ஊரிலேயே ஒரே எதிரி பக்கத்து வீட்டுச் சவரிதான். அவருடைய மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரை மேல் மரம் சாய்ந்துகொண்டிருந்தது. தப்பு மரத்தினுடையது அல்ல. காவேரியின் கணவன் குமார் போன வருஷம் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தெருப்பக்கக் கிளைகளை மட்டும் வெட்டித் தள்ளியதில், பாரமெல்லாம் சவரி பக்கம் போய்விட்டது.

"கோடை மழைக்குக் காத்து எப்புடி அடிக்கும்னு உனக்குத் தெரியாததா காவேரி? உழுந்தா என் கொட்டாயி போச்சு. மெஷின் வச்சு அறுத்துருங்க," என்றார் சவரி. குமார் தலையாட்டினான். யார் சொன்னாலும் ஆட்டுகிற தலை அது.

காவேரி மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். தெருவில் எல்லார் வீட்டு போரும் வற்றிய வருஷத்தில், தான் குளிக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொண்டு அவள் ஊற்றி வளர்த்த மரம்.

"முதல் கோடை மழை வரைக்கும் உடுங்கண்ணா. அதுக்குள்ள நான் சரி பண்றேன். அப்பவும் ஒரு கிளை உங்க தகரத்து மேல உழுந்தா, நானே மெஷின்காரரைக் கூட்டியாறேன்."

"அப்ப முருங்கையாட்டம் மொட்டையடிச்சுரு."

"பங்குனி வெயில்ல மொட்டையடிச்சா பட்டை வெந்துருங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் ஏணி போட்டார்கள். குமார் மேலே, காவேரி கீழே. "அடியில கொஞ்சம் அறுத்துட்டு அப்பறம் மேல அறுங்க, இல்லைன்னா பட்டையோட உரிஞ்சு வந்துரும்," என்று அவள் போட்ட போட்டில் குமார் ஒழுங்காகவே அறுத்தான். சவரி பக்கம் நீண்டவற்றைக் குறைத்தார்கள். உள்ளே ஒன்றோடொன்று உரசிய கிளைகளை எடுத்தார்கள். காற்றுக்கு உள்ளே நுழைந்து வெளியே போக வழி இருந்தால் அது மரத்தோடு ஏன் மல்லுக்கட்டப்போகிறது?

வெட்டிய இடங்களில் பூசச் சாணி வேண்டும். தெருவில் மாடு இருந்தது சவரியிடம் மட்டும். காவேரி கூச்சப்படாமல் சட்டியோடு போய் நின்றாள்.

"என்னைக் கவுக்கப்போற மரத்துக்கு என் மாட்டுச் சாணியா?" என்று முறைத்தவர், அள்ளியும் கொடுத்தார். அந்த மாடு தினமும் மத்தியானம் படுத்து அசைபோடுவது அந்த மர நிழலில்தான். அதை இருவருமே பேச்சில் எடுக்கவில்லை.

அடிமரத்துக்குச் சுண்ணாம்பும் அடித்தாள். மரத்துக்குக் கல்யாணமா என்று தெருவே கேலி செய்தது.

சித்திரை இரண்டாம் வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கறுத்தது. காற்று சுழற்றியடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற காவேரிக்கு மடாரென்று ஒரு சத்தம் கேட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மழை விட்டதும் வெளியே ஓடினாள். ஒரு கிளைகூட விழவில்லை. அலம்பிவிட்ட மாதிரி பச்சையாக நின்றது மரம். சவரி கொட்டகையில்தான் கூரையில் ஒரு தகரத்தைக் காணோம். அது பறந்து வந்து புங்கமரக் கவையில் சிக்கியிருந்தது. மரம் மட்டும் இல்லாவிட்டால் நேராகக் காவேரி நின்ற ஜன்னலுக்கு வந்திருக்கும். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

தலையில் துண்டோடு சவரி வந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"காவேரி, ஏணியைக் குடு. தகரத்தை எறக்கணும்."

அவர் கையில் ஒரு சட்டி இருந்தது. நிறையச் சாணி.

"இது எதுக்குங்கண்ணா?"

"தகரம் பட்டு அங்க கிழிஞ்சிருக்குது பாரு. நாளைக்கு வெயில் வந்தா பட்டை வெந்துராதா?"