எங்கே காத்திருப்பீர்கள்

...இங்கேயா அங்கேயா, ஒரு கட்டத்தில் டிக் போடச் சொன்னால் போட வேண்டியதுதானே, அதற்கு ஏன் மூன்று நாள், கிரீன் கார்டு விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் மளமளவென்று நிரப்பியாயிற்று, பெயர் லூசியேனி, பிறந்த ஊர் பிரேசிலின் ரெசிஃபி, வேலை மக்காச்சோளத் தண்டழுகல் ஆராய்ச்சி, இது ஒன்றுதான் நிற்கிறது... இங்கே அயோவாவிலேயே காத்திருந்தால் வேலை நிலைக்கும், ஆனால் பயண அனுமதி வரும்வரை நாட்டை விட்டு நகரக் கூடாது, ஆறு மாதமோ ஒரு வருடமோ வக்கீலுக்கே தெரியாது, பிரேசிலுக்குப் போய்க் காத்திருந்தால் அம்மா பக்கத்தில் இருக்கலாம், வேலை போய்விடும். அம்மாவுக்கு மறதி முற்றிக்கொண்டே போகிறது, ஒரு வருடம் கழித்துப் போய் நான் யார் என்று சொல்வது? பூஞ்சை வளர்த்த பல்குத்தியைத் தண்டில் செருகுகிறேன், எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, இந்தப் பசுமைக்கூடத்தில் செடிக்கு நோய் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பக்கத்து வரிசையிலிருந்து, கூட வேலை செய்யும் வென்ஜியே, "உனக்கென்னம்மா, பிரேசில்காரி, உங்க நாட்டு வரிசையே குட்டி. நான் சீனாவுல பொறந்து தொலைச்சேன், எனக்குக் கார்டு வர்றதுக்குள்ள பல்லு விழுந்துரும்" என்கிறான், சிரித்து வைக்கிறேன். பாவம், அவன் அப்பா இறந்தபோது அவன் ஊருக்குப் போகவில்லை, அன்றைக்கும் இதே வரிசையில் நின்று பல்குத்தி செருகிக்கொண்டிருந்தான், எனக்கு அப்போது அவன்மேல் கோபம் வந்தது.

மார்னி எட்டிப் பார்க்கிறாள், எங்கள் ஆய்வுக்குழுத் தலைவி, "உன் பரிந்துரைக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டேன், ஒரு வார்த்தை மாத்தல, பிரமாதம்!" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறாள். எப்படி மாற்றுவாள், எழுதியதே நான்தானே, இங்கே எல்லோரும் அப்படித்தான், தன்னைத் தானே புகழ்ந்து எழுதிக் கையெழுத்து வாங்குவது... 'இவருடைய இடத்தை வேறு எவராலும் நிரப்ப முடியாது.' கூச்சமில்லாமல் எழுதினேன், இந்த நாட்டுக்கு நான் இல்லாவிட்டால் ஆகாதாம், ரெசிஃபியில் ஒருத்திக்கு நான் இல்லாமல் நாலு வருடமாக ஆகிக்கொண்டிருக்கிறது. கையுறையைக் கழற்றிக் கைபேசியை எடுக்கிறேன், தம்பி எவெரால்டோவின் குரல்பதிவு, காலையில் அனுப்பியது, கேட்கப் பயந்து வைத்திருந்தேன். "அக்கா, சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. அம்மா இப்ப நெய்டியத்தான் நீன்னு நெனச்சிருக்கு." நெய்டி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வைத்த பெண், நான் முகம்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. "'லூசியேனி, வேலைய விட்டுட்டு வந்துட்டியே, என் தங்கம்'னு அவ கைய விடவே மாட்டேங்குது. சோளக் குஸ்குஸ் ஊட்டுனா ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடுது. நீ பதறாத."

வந்துவிட்டேனாம். கண்ணாடிச் சுவரில் நெற்றியை வைத்து அழுதேன், வென்ஜியே பார்க்காதது போல் பல்குத்திகளை எண்ணினான், அவனுக்குத் தெரியும். அந்த அழுகை பொய்யில்லை, அம்மா எனக்கு வேண்டும், இப்போதே வேண்டும்... ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால், தம்பி 'நீ பதறாத' என்று முடித்ததும், நெஞ்சுக்குள் 'அப்பாடா, போக வேண்டாம்' என்று ஒன்று இறங்கியதே, அது நான்தானா?