முந்தி வந்த வேன்

அவிநாசிபாளையத்தைத் தாண்டித் தாராபுரம் ரோட்டின் மேல் இருக்கிற அருள்குமாரின் சபையில் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக் களை. அக்கம்பக்கத்தில் தனித்தனியாக நடந்துகொண்டிருந்த சபைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து ஓர் அருட்பணி ஐக்கியம் தொடங்கும் நாள் அது. பனியன் கம்பெனி விடுதிகளில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகளை இனிமேல் எல்லாச் சபைகளும் சேர்ந்தே தேடிப் போகும் என்று முடிவாகியிருந்தது. மேடையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் ஒருங்கிணைப்பாளர் அருள்குமார் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற போதகர்களின் படங்களை அடியில் வரிசையாக, விண்ணப்பத்தில் ஒட்டுகிற அளவில் போட்டிருந்தார்கள். அச்சடித்தவன் பண்ணின கோளாறு என்று வந்தவர்களிடமெல்லாம் அருள்குமார் வருத்தப்பட்டுக்கொண்டார். அச்சுக்குப் போகுமுன் போனில் பார்த்து ஓகே சொன்னவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெருமை ஒரு பக்கம் இருக்க, காலையிலிருந்து அவர் வாசலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விழாவுக்குப் போதகர் பழனிமுத்து வருவார். அவர் கண்ணில் இங்கே பாடற்குழுவில் பாடும் கீதாஞ்சலியும் அவளோடு விடுதியில் இருக்கும் பிள்ளைகளும் பட்டுவிடக் கூடாது. பட்டால் அருள்குமார் சொன்ன பொய் வெட்டவெளிச்சமாகிவிடும்.

ஊழியத்துக்கு வருமுன் அருள்குமார் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். ஆள் பிடிக்கும் வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டார். கிராமத்து முக்கில் பெண்கள் ஒரு கம்பெனி வேனுக்காகக் காத்து நிற்பார்கள். அந்த வேன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு கம்பெனி வேன் வந்து நிற்கும். சீட்டு மெத்தென்று இருக்கும், உள்ளே பாட்டு ஓடும். அதே வேலைதான் அக்கா, ஏறுங்க என்பான் டிரைவர். ஏறினால் ஏறினதுதான். இதிலெல்லாம் பாவ புண்ணியம் பார்க்கிறவன் திருப்பூரில் ஒரு நாள் தொழில் பண்ண முடியாது. அருள்குமார் கம்பெனியை விட்டார், ஜெபித்தார், படித்தார், போதகர் ஆனார். வித்தையை மட்டும் விடவில்லை.

விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், சிமெண்ட் ஷீட் போட்ட கட்டடத்தில் பழனிமுத்துவின் சபை இருந்தது. பெண்கள் விடுதி வாசலில் ஆண்களை நிற்கவிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய மனைவி மருதம்மாள் விடுதி கேட்டுக்கு நடந்தே போய், பிள்ளைகளைப் பேசிக்கொண்டே கூட்டி வருவாள். அவர்களில் நன்றாகப் பாடுகிறவள் கணியூர்ப் பிள்ளை கீதாஞ்சலி. வருடக்கணக்காக நடந்துவந்த ஏற்பாடு இது. அப்புறம் ஒரு ஞாயிறு, மருதம்மாள் போவதற்கு முன்பே விடுதி வாசலில் ஒரு வெள்ளை வேன் போய் நின்றது. ஏசி வேன். ஆராதனை முடிந்ததும் பிரியாணி என்று சொன்னார்கள். வாரமெல்லாம் தையல் மெஷினில் குனிந்து கழுத்து வலிக்கிற பிள்ளைகள், ஏறிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் பழனிமுத்து போன் செய்தார். குறை சொல்ல இல்லை, விசாரிக்கத்தான். விடுதிப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை, கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, உங்கள் பக்கம் ஏதாவது கேள்விப்பட்டீர்களா என்று கேட்டார். கீதாஞ்சலியும் மற்றவர்களும் எப்படி எடுப்பார்கள்? அவர்களுக்கும் கூச்சம் இருக்காதா? அருள்குமாருக்கு அந்த நேரத்தில் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது.

"அமெரிக்காக்காரன் வரி போட்டதுல ஆர்டரே இல்லீங்களே பாஸ்டர். ஊருக்கு அனுப்பிச்சிருப்பாங்க."

அவர் இதைச் சொன்னபோது சுவருக்கு அந்தப் பக்கம் கீதாஞ்சலி பாட்டுப் பயிற்சியில் இருந்தாள். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

வேறு யாராவது இருந்திருந்தால் அடப் பாவமே என்று விட்டிருப்பார்கள். பழனிமுத்து அப்படி விடுகிற ஆள் இல்லை. வேலை போய் ஊரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. தன்னுடைய பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு கணியூர், கொமரலிங்கம் என்று போய் அங்கங்கே இருக்கும் போதகர்களைப் பார்த்தார். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. வீட்டு விலாசமும் கையில் இல்லாமல் திரும்பி வந்தார். வரும் வழியில் தோன்றியதுதான் இந்த ஐக்கியம். ஊருக்குத் திரும்புகிற பிள்ளையை ஊர்ச் சபை பார்க்க வேண்டும், வேலைக்கு வருகிற பிள்ளையை இங்கே இருக்கும் சபை பார்க்க வேண்டும், அதற்கு எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதைச் சொல்ல அவர் முதலில் வந்தது அருள்குமாரிடம்.

"நீங்க அன்னிக்குப் போன்ல சொன்ன சொல்லுதானுங்க, என்னையத் தூங்கவே உடலே" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு மனுஷன், அதுவும் கோபப்படத் தெரியாத மனுஷன். அருள்குமார் டீ வரவழைத்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். வாரங்கள் போகப் போக ஒவ்வொரு சபையாகச் சேர்ந்தது. பெரிய ஹாலும் நல்ல மைக்செட்டும் இவரிடம் இருந்ததால் ஒருங்கிணைப்பாளர் பதவியும் இவருக்கே வந்தது. உடன்படிக்கையை எழுதும் பொறுப்பையும் இவரே ஏற்றுக்கொண்டு, ஒரு சபையின் மந்தையில் இன்னொரு சபை கை வைப்பதில்லை என்று முதல் வரியிலேயே எழுதினார். எழுதும்போது காது சூடானது. எழுதி முடித்தார்.

விழா நாளுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வேன் ரிப்பேர், கூட்டமும் அதிகம், இந்த ஒரு வாரம் விடுதியிலேயே ஓய்வெடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார். மனைவி பிரிசில்லாவிடமும் அதே ரிப்பேர் கதைதான். பொய் சொல்கிறவர்கள் டிரைவருக்கும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டும். அதை மறந்துவிட்டார்.

பழனிமுத்து வெளுத்த வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மருதம்மாள் கும்பிட்டுவிட்டு நேரே சமையல் பக்கம் போனாள். ஜெபம் முடிந்தது. யோசனை முதலில் யாருக்கு வந்ததோ அவருக்கு முதல் மரியாதை என்று பழனிமுத்துவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைப் போர்த்தியபடியே, எங்கே வைப்பது என்று தெரியாமல் இறங்கிப் போய் உட்கார்ந்தார். அருள்குமார் உடன்படிக்கையை வாசிக்க எழுந்தார்.

முதல் வரியைப் பாதி வாசித்திருப்பார். பக்கக் கதவைத் திறந்துகொண்டு பிரிசில்லா வந்தாள். அவளுக்குப் பின்னால் ஊதாச் சேலை கட்டிய பாடற்குழு வரிசையாக வந்தது. வரிசையின் முதல் ஆள் கீதாஞ்சலி. பாடற்குழு இல்லாமல் என்ன விழா என்று பிரிசில்லா டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள், வேனுக்கு ஒன்றும் இல்லையே அம்மா என்று அவன் சொல்லியிருக்கிறான். வேலையை எளிதாக முடித்துவிட்ட திருப்தியோடு அவள் கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அருள்குமாருக்கு வாசித்துக்கொண்டிருந்த வரி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

பழனிமுத்து திரும்பிப் பார்த்தார். எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு போய்க் கீதாஞ்சலியின் முன்னால் நின்றார்.

"கண்ணு, நீ ஊருக்குப் போயிட்டீன்னு இருந்தேனே சாமி. நல்லா இருக்கிறயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தலை நிமிராமலே கண்ணை மட்டும் உயர்த்தி மேடையைப் பார்த்தாள். பின்னால் இருந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். பழனிமுத்துவும் அவர்கள் பார்த்த பக்கம் பார்த்தார். அருள்குமார் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்தது, எல்லார் முன்னாலும் மானம் போகப்போகிறது என்று நினைத்தார். அதுகூட ஒருவகையில் நிம்மதியாக இருந்திருக்கும்.

பழனிமுத்து அழுதுகொண்டே மேடையேறி வந்து மைக்கை வாங்கினார்.

"நான் மூலை மூலையாத் தேடியும் எனக்குக் கிடைக்காத பிள்ளைங்கங்க இவங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, நம்ம அருள்குமார் பாஸ்டர் தேடிக் கண்டுபிடிச்சு, இன்னிக்கு என் கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்திப்போட்டாரு. ஐக்கியம்னா என்னன்னு நாம பேசிக்கிட்டுத்தான் இருந்தமுங்க. பாஸ்டர் செஞ்சே காட்டிட்டாரு."

தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அருள்குமாருக்குப் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. கொமரலிங்கத்துப் போதகர் எழுந்து நின்று தட்டினார், அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சாட்சியாகச் சொல்லுங்கள் என்று யாரோ கேட்க, பழனிமுத்து மைக்கை அவர் கையில் வைத்தார்.

அருள்குமார் வாயைத் திறந்தார். உண்மை தொண்டைவரை வந்தது சத்தியம். அந்த முகங்களையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மனுஷனையும் பார்த்ததும் அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது.

"கர்த்தர் கொண்டாந்து சேர்த்தாருங்க" என்றார்.

சொன்னதும் உடம்பெல்லாம் கூசியது. வேனை முந்தி அனுப்பியது சின்னத்தனம், போனில் சொன்னது பொய், இப்போது தன் திருட்டுக்கு ஆண்டவரையே சாட்சிக்கு இழுத்தாயிற்று. கீதாஞ்சலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காக இந்தப் பிள்ளைகளுக்குக் கையால் சோறு போட்டவள் பிரிசில்லா. அவளுக்குப் புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. கைதட்டுவதற்காகத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள். அதன் பிறகு கணவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஒவ்வொரு போதகராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். பாடற்குழு பாடியது. கீதாஞ்சலியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

சாப்பாட்டுப் பந்தலில் பழனிமுத்து பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, யார் ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அருள்குமார் பொன்னாடையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தார். எப்படியாவது சொல்லிவிட வேண்டும். தனியாகக் கூப்பிட்டுக் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். நெஞ்சில் இருக்கும் பாரம் இறங்கினால் போதும் என்றிருந்தது.

பந்தலின் முனையில் தயிர்வெங்காய வாளியோடு மருதம்மாள் குறுக்கே வந்தாள்.

"எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லப் போறீங்களா பாஸ்டர்?" என்றாள்.

அவருக்குக் கால் நின்றுவிட்டது.

"மொத வாரமே கேட்டுக்கு வெளியே நான் நின்னுட்டு இருந்தனுங்க. வேன் என்னையத் தாண்டித்தான் போச்சு. உங்க சபைப் பேரு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டு பக்கமும் எழுதியிருக்குதுங்களே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவள் தொடர்ந்தாள். வீட்டுக்காரரிடம் தான் இதைச் சொல்லவில்லை என்றாள். நீங்கள் போனில் சொன்னதை நம்பிக்கொண்டு வேகாத வெயிலில் மொபெட்டை ஓட்டிக்கொண்டு அவர் அலைந்தபோதும் வாயைத் திறக்கவில்லை என்றாள்.

"மனுசங்களை நம்பித்தானுங்க அவரு ஊழியம் பண்றாரு. அது போச்சுன்னா அவருகிட்ட வேற ஒண்ணுமே இல்லீங்க."

"அம்மா, நான் வந்து..."

"பிள்ளைங்க எங்க பாடுனாலும் சரிதானுங்க, அதுகளை நான் நோகமாட்டேன். இப்பப் போயி அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சொல்லீட்டா உங்களுக்கு மனசு லேசாயிரும். அவருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிசைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அருள்குமார் சுருட்டிய பொன்னாடையோடு அங்கேயே நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து பழனிமுத்து அவரைப் பார்த்துவிட்டார். தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் துண்டு போட்டுப் பிடித்துவைத்திருந்தார்.

"பாஸ்டர், இங்க வாங்க. உங்களுக்குத்தான் எடம் போட்டு வெச்சிருக்கறேன்."

கீதாஞ்சலி இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அருள்குமார் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.