நான் சொல்லாமல் விட்ட கடை

மலாக்காவில் எந்தப் படம் பார்க்கத் தகுந்தது, எந்தப் படத்துக்குப் போனால் நன்றாகத் தூங்கிவிட்டு வரலாம், புதுப் பெண்டாட்டியை ஒரு நாள் எங்கே கூட்டிப் போகலாம், கோலாலம்பூரிலிருந்து வரும் சம்பந்தியை எந்த ஓட்டலில் தங்க வைத்தால் மரியாதை, எங்கே சாப்பிட்டால் சாயங்காலம் வரை கை மணக்கும் என்பதையெல்லாம் எங்கள் காஜா பெராங் பேட்டைத் தமிழர்கள் என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வருஷமாகப் படக்கொட்டகையின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் நான். டிக்கெட் வாங்க வருகிறவர்கள் படத்தைப் பற்றிக் கேட்பார்கள். அப்படியே மற்றதையும் கேட்பார்கள். நான் சொல்வேன். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனாலேயே என் வார்த்தைக்கு ஒரு விலை இருந்தது.

சாப்பாட்டுக்கு மட்டும் எப்போதும் ஒரே பதில்தான். அப்துல் சமது கடை. எங்கள் தெருக்கோடியில், நாலு மேசை போட்ட சின்னக் கடை. "தேவதாஸ் அனுப்பினார்" என்று சொன்னால் போதும், சமது நானா உள்ளே போய் நல்ல தட்டை எடுத்து வருவார். நானே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் சொல்லவே வேண்டாம். மூத்த அண்ணனைப் போல எண்ணித்தான் அவரை நானா என்று கூப்பிட்டேன். சொந்த அண்ணன் இருந்திருந்தால் அவனை அவ்வளவு பிடித்திருக்குமா என்பது சந்தேகம்.

ஜப்பான்காரன் வந்த மூன்றாம் வருஷம் அரிசி என்பதே பேச்சில் மட்டும் இருந்தது. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரி வேண்டுமானால் சர்க்கரைவள்ளி. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சமது நானா கடையின் பின்கட்டில் வெள்ளைச் சோறு இருக்கும். கரி மூட்டைக்குள் அரிசியை வைத்துப் படகில் யாரோ கொண்டு வந்தார்கள். யார் என்று நான் கேட்டதில்லை. பன்னிரண்டு பேருக்குத்தான் அந்தச் சோறு. அந்தப் பன்னிரண்டு பேரும் என் வாய்ச்சொல்லில் உள்ளே போனவர்கள். முந்தின மாதம் அரிசி பதுக்கியதற்காக ஆற்றங்கரையில் ஒரு சீனக் கடைக்காரரைக் கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அதனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நான் எவ்வளவு கெடுபிடியாக இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஆள் வந்தான்.

"அண்ணே, நான் கலியாணசுந்தரம். சிரம்பான் பக்கம் ஒரு தோட்டத்துல கணக்கு எழுதற கிராணியா இருக்கேன். நாலு நாளு லீவு. மலாக்காவுக்கு மொத தடவ. என்ன படம் பாக்கலாம், எங்க தங்கலாம், எங்க சுத்தலாம், எங்க சாப்பிடலாம்? எல்லாத்துக்கும் உங்களத்தான் கேக்கணும்னு சொன்னாங்க."

என் மூக்கு முதலில் அவனைச் சந்தேகப்பட்டது. அவன் சட்டையில் சோப்பு வாசனை. ஊரே சாம்பலில் துணி துவைத்துக்கொண்டிருந்த காலம். பிறகு கண் சந்தேகப்பட்டது. காலில் பூட்ஸ், அதுவும் பாலிஷ் போட்டது. சிரம்பானிலிருந்து வருகிறவன் வழியில் எத்தனை காவல்காரனுக்குக் குனிந்து வணக்கம் போட வேண்டும், எத்தனை பேரிடம் அறை வாங்க வேண்டும்! அதையெல்லாம் தாண்டி ஊர் சுற்றிப் பார்க்க ஒருவன் லீவு போட்டுக்கொண்டு வருவானா? தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறவர்களில் ஒருவன் சாக்கைக் கழற்றிவிட்டு என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்கிறான் என்று எனக்குப் பட்டது.

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் சொல்றாங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொன்னாலும் நம்பமாட்டான். அதனால் நன்றாக அளந்து விட்டேன்.

"படம் இங்கயே பாருங்க. சண்டைப் படம். கப்பலு முழுகறத ரெண்டு மணி நேரம் காட்டுவான். அருமையா இருக்கும். தங்கறதுக்கு ஆத்தோரமா சீனன் ஓட்டலு, மேல் மாடி ரூம்பு கேளுங்க. காத்து அள்ளிக்கிட்டுப் போவும். நாளைக்கு ஆயர் பானாஸ் போங்க. வெந்நீர் ஊத்து. ஒரு முழுக்குப் போட்டா ஒடம்பு வலி பறந்துரும்."

"சாப்பாடு?"

"பஸ் ஸ்டாண்டுல சுப்பையன் கடை. மரவள்ளிப் புட்டு. மலாக்காவுலயே அதான் ஒசத்தி."

அந்த ஓட்டல் மேல்மாடியில் மூட்டைப்பூச்சி மனுஷனைத் தூக்கிக்கொண்டு போகும். ஆயர் பானாஸுக்குப் பெட்ரோல் இல்லாமல் கரிப் புகையில் ஓடும் பஸ் பாதி வழியில் படுத்துக்கொண்டால் மறுநாள்தான் எழுந்திருக்கும். சுப்பையன் புட்டைச் சுவரில் பூசினால் உதிராது. ஆனால் அந்த மூன்று இடத்திலும் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒற்றன் போய்த் தோண்டட்டும், நன்றாக அரித்துக்கொண்டு வரட்டும் என்று மனசுக்குள் சிரித்தேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் மோசமான இடத்தைச் சிபாரிசு செய்ததில்லை. அன்றைக்குச் செய்ததில் வெட்கம்கூட வரவில்லை, கர்வம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் திரும்பி வந்தான். கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. முகத்தில் அதே சிரிப்பு.

"அண்ணே, நீங்க சொன்ன எல்லா எடத்துக்கும் போனேன். ஆனா ஒரு விஷயம் எனக்குப் புரியல."

"என்ன?"

"ஓட்டல்ல வேல பாக்கற தமிழ் ஆளு கேட்டாரு, தேவதாஸ் அனுப்பினாரா, அப்ப சமது கடையில சாப்பிட்டீங்களான்னு. பஸ்ஸுல டிரைவர் கேட்டாரு. ஏன், அந்த சுப்பையனே கேட்டுட்டாரு. பதினாலு வருஷமா வர்றவங்க எல்லாருக்கும் நீங்க சொல்ற கடையாமே. எங்கிட்ட மட்டும் ஏண்ணே சொல்லல?"

மூடி வைப்பதாக நினைத்துக்கொண்டு விரலை நீட்டிக் காட்டியிருக்கிறேன். ஊரில் உள்ள எல்லாக் கடையையும் சேர்த்துச் சொல்லி, சமது கடையையும் நடுவில் ஒன்றாகச் சொல்லி, அங்கே இப்போது ஒன்றும் கிடைக்காது என்று முடித்திருந்தால் இவன் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். புத்திசாலி என்று இத்தனை வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்குள்ள சண்டை. பேச்சு வார்த்தை இல்ல" என்றேன்.

"அப்படியா! அப்ப வாங்க, நானே சேத்து வைக்கறேன். இல்லாட்டி நான் மட்டும் போறேன். உங்க பேர சொன்னாப் போதும்லா?"

தனியாகப் போய் என் பெயரைச் சொன்னால் தீர்ந்தது. ஜும்மா முடிகிற நேரம் வேறு. கூடப் போனால் வாசலிலேயே நானாவிடம் கண்ணைக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். வழி நெடுக அவன் வெந்நீர் ஊற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். நான் சண்டைக்காரனைப் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டு வந்தேன்.

கடைக்கு முப்பது அடி இருக்கும்போதே நானா எங்களைப் பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் விருந்தாளியாக ஒரு ஆள் வருவதைத்தான் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகக் கையை உயர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார். எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "நானா!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. ஓடவும் முடியாது, இவன் என் முழங்கையைப் பிடித்திருந்தான்.

நாங்கள் உட்காரும்போது இரண்டு தட்டு வந்துவிட்டது. வாழையிலை போட்டு மூடியிருந்தது. நானா இலையை எடுத்தார். வெள்ளைச் சோறு, ஆவி பறந்தது. ஓரத்தில் கருவாட்டுக் குழம்பு.

"தம்பி கூட்டியாந்த ஆளு, வயிறார சாப்பிடணும்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருகிறது.

கலியாணசுந்தரம் தட்டைப் பார்த்தான், பிறகு நானாவைப் பார்த்தான். "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"என் அரிசி" என்றேன். "நான்தான் வாங்கினேன். வேக வச்சுத் தரச் சொல்லிக் குடுத்தேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் நானா என் முகத்தைப் பார்த்தார். அவர் கையில் இருந்த இலை கீழே விழுந்தது. கலியாணசுந்தரம் சாப்பிட்டான். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை விடிந்ததும் என்னைக் கொண்டு போக ஜப்பான் போலீஸ் லாரி என் வீட்டுக்கு வந்தது. பதிமூன்று நாள். அதை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. தண்ணீரைக் கண்டால் இப்போதும் தொண்டை அடைக்கிறது என்பது மட்டும் போதும். அரிசி எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். பெயர் தெரியாத படகுக்காரன் என்றேன். சமதுவுக்கு என்ன பங்கு என்று கேட்டார்கள். சட்டி கொடுத்தான், விறகு கொடுத்தான் என்றேன். பதிமூன்று நாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாள் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள், ஊருக்கெல்லாம் இலவசப் படம். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று கொட்டகை ஜப்பான் மேனேஜர் வந்து கேட்டதால் விட்டார்கள். ஒரு படத்தால் உயிர் பிழைத்தேன். அந்தப் படமும் மோசமான படம்.

இலவசக் காட்சிக்கு ஊரே வந்தது. என் ஜன்னலுக்கு வந்தவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார்கள். படம் எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வரிசையில் நின்ற மருதமுத்து, பன்னிரண்டு பேரில் ஒருவன், பின்னால் இருந்தவனிடம் சொன்னது காதில் விழுந்தது.

"கூட்டிக்கிட்டுப் போயி காட்டினதே இவருதான். பதிமூணு நாளு உள்ள இருந்துட்டு யாராச்சும் கையும் காலுமா திரும்பி வந்திருக்காங்களா?"

அடுத்த வெள்ளிக்கிழமை நானா கடைக்குப் போனேன். அவருக்குத் தெரியும், அவர் கண் முன்னால்தானே சொன்னேன், அவர் போதும் எனக்கு என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நானா தோள் துண்டால் மேசையைத் துடைத்தார்.

"என்ன சாப்பிடுறீங்க?"

இருபது வருஷப் பழக்கத்தில் அவர் என்னை நீங்க என்று சொன்னதில்லை.

"நானா, நான் ஒண்ணும் சொல்லல. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல."

"நானும் ஒண்ணும் கேக்கலியே. மரவள்ளி இருக்கு, கொண்டாரவா?"

"உங்களப் புடிச்சுக்கிட்டுப் போகலல்ல? கடைய மூடலல்ல? அதுலயே தெரியலியா?"

"அதத்தான் நானும் யோசிச்சேன்" என்றார் நானா. "ஏன் என்னயப் புடிக்கல, ஏன் கடைய மூடலன்னு. மூட்டை எங்கேருந்து வருதுன்னு பாக்கறதுக்கு ஜப்பான்காரன் விட்டு வச்சிருப்பான். பாத்துச் சொல்றதுக்கு ஒரு ஆளயும் வெளிய விட்டிருப்பான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மேசையைத் தூக்கி அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எங்கே? கலியாணசுந்தரத்தின் சோப்பு வாசனையையும் பூட்ஸையும் வைத்து நான் கணக்குப் போடவில்லையா? என்னை வைத்து அவர் போட்ட கணக்கும் அதே கணக்குத்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் தேவதாஸை நம்பியிருக்க மாட்டேன்.

மரவள்ளி வந்தது. நான் தலையைக் குனிந்து தின்றேன்.

"வெள்ளிக்கிழமச் சோறு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அதெல்லாம் நிறுத்தியாச்சு. அரிசிய கண்ணால பாத்தே நாளாச்சு."

தட்டை எடுக்க அவர் கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. காயாத பருக்கை. வேறு எங்கேயோ வடித்துவிட்டு அவசரமாகக் கடைக்கு வந்திருக்கிறார். தெருவில் இரண்டு ஜப்பான் சிப்பாய்கள் எதிர்க்கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்தது இங்கே கோப்பி குடிக்க வருவார்கள்.

"நானா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "கையில பருக்க ஒட்டியிருக்கு. தொடச்சுக்குங்க."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, பதினைந்து வருஷம் மூத்த அந்த மனிதர் என்னிடம் சொன்னார்:

"சொல்லிராதீங்க ஐயா. புள்ளக்குட்டிக்காரன்."