பக்கத்து வீட்டில் தலைமுழுகியவள்

நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்குக் கருஞ்சாயம் ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது, உடம்பில் நைட்டி, தோளில் கிழிந்த துண்டு, கையில் பால் பாக்கெட், பின்னால் காற்றில் அறைந்து பூட்டிக்கொண்ட என் வீட்டுக் கதவு, பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு குழந்தைவேலு நிற்கிறார், பம்ப் கம்பெனியில் வேலை, மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியும் அந்தப் பெயரை எப்படித்தான் சுமக்கிறாரோ என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், பேசியதென்னவோ தண்ணி வருதுங்களா, கரண்ட் போயிடுச்சுங்களா, அவ்வளவுதான், இப்போது அவர் என் தலையைப் பார்க்கிறார், நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர் மீசையைப் பார்க்கிறேன், உள்ள வாங்க, பூட்டுக்காரரக் கூப்பிட்டா வர ஒரு மணி நேரமாகும், அதுக்குள்ள தல வெந்துருமுங்க, கழுவிடலாம் என்கிறார், சாயத்தைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறேன், குரலைத் தாழ்த்தி, மீசைக்கு மட்டும் போடுவேனுங்க என்கிறார்.

கோயம்புத்தூரின் அந்த ஞாயிற்றுக்கிழமை என் நினைவில் எப்போதும் குனிந்தபடியேதான் வருகிறது, வாசற்கதவை ஊருக்கே தெரியும்படி விரியத் திறந்து வைத்துவிட்டு, அவர் வீட்டுக் குளியலறையில் என்னை முக்காலியில் உட்கார்த்தி மக்கில் மொண்டு ஊற்றுகிறார், தரையெல்லாம் கறுப்பு ஓடுகிறது, முதல் கல்யாணத்தைத் தலைமுழுகியபோது இனி எந்த ஆணின் நிழலும் என்மேல் விழாது என்று சபதம் போட்டவள் நான், இங்கே ஒருவர் என் காதைப் பொத்தி, பின்கழுத்தைத் தாங்கி, கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதைப் போலக் கழுவிக்கொண்டிருக்கிறார், எங்க கத்துக்கிட்டீங்க என்றேன், எஞ் சம்சாரம் படுக்கையில இருந்தப்ப நாந்தானுங்க அலசி விடுவேன், காதுல தண்ணி போகுது மனுசான்னு திட்டிக்கிட்டே இருப்பா என்று சிரித்தார், எனக்குக் கண் எரிந்தது, கண்ணுல சாயம் போயிடுச்சுங்களா என்று துண்டை நீட்டினார், ஆமாங்க என்றேன், சாயமில்லை என்று இருவருக்குமே தெரியும்.

பூட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார், இவ்வளவு அவசரமாக உங்களை யார் வரச் சொன்னது என்று கேட்காத குறை, அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் காபி வந்தது, காபியோடு பேச்சு வந்தது, பேச்சு முடிய மறுத்தது, பிறகு ஒருநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுக்கிறேன், என் இரட்டைப் போர்வையின் மறுமுனையைப் பிடித்து உதவுகிறவர் அப்படியே நின்று, உங்கள எனக்குப் பிடிச்சிருக்குங்க, வேண்டாமுன்னா இப்பவே சொல்லிடுங்க, லிஃப்டுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்க வேண்டாம் என்கிறார், எனக்குள் பழைய பயம் எழுகிறது, ஒரு வீட்டுக்குள் என் குரல் எனக்கே கேட்காமல் போன அந்த வருஷங்களின் பயம், அதை ஒளிக்கவில்லை, தனியா இருந்து பழகிட்டேன், இனி யாருக்காகவும் என்னால சுருங்க முடியாது, அதுவுமில்லாம நான் குறட்டை விடுவேன் என்றேன், தெரியுமுங்க, நடுவுல ஒரு சுவருதானே, குறட்ட நின்னாத்தான் எனக்கு முழிப்பு வருது, நீங்க எதுக்குங்க சுருங்கணும், ரெண்டு வீடும் அப்படியே இருக்கட்டும், வந்து போயிட்டிருப்போம், எனக்கும் பயந்தானுங்க என்றார்.

போர்வை எங்களுக்கு நடுவே காற்றில் உப்பி நிற்கிறது, இரண்டு பேர் போர்வை மடிப்பதென்றால் ஒருவர் மற்றவரை நோக்கி நடந்துதான் ஆகவேண்டும், நான் என் முனைகளோடு நடந்தேன், அவரும் வந்தார், விரல் பட்டது, விலகினோம், மறுபடி வந்தோம், நாலாக மடித்தால் போதும், எட்டாக மடித்தோம், தலையணை அளவுக்கு வந்த பிறகும், இன்னும் ஒரு மடிப்பு வருமுங்களா என்று கேட்கிறார், பாத்துரலாங்க என்கிறேன்.