பிரியந்தினி குடித்த கிண்ணம்

மகள் வித்தியா செத்து நாற்பது நாள் கழிந்திருந்தது. சண்டிலிப்பாய்ச் சந்தியிலிருந்து திரும்பிய தக்சாயினிக்கு, தகரக் கொட்டிலில் கூடும் கிறிஸ்தவ சபைக்குள்ளிருந்து மகளுடைய பெயர் கேட்டது.

"ஆண்டவரே, வித்தியாப் பிள்ளையை உம்மடை கையிலை வைச்சிரும்."

பிரியந்தினியின் குரல். இருபது வருடமாகத் தக்சாயினி வீட்டுப் புகையிலைத் தோட்டத்தில் முறிந்து வேலை செய்தவள். அவள் மகன் யதுசனைத்தான் வித்தியா விரும்பினாள். சாதி குறைந்தவன் என்று தக்சாயினியின் கணவன் பிரகலாதன் ஆள் வைத்து அவன் வலக்கையை முறிப்பித்தான். மகளை அறைக்குள் பூட்டினான். பயிருக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களும் அந்த அறையில்தான் கிடந்தன.

சொந்தக்காரர் ஒருவரும் வித்தியாவின் பெயரை வாயில் எடுப்பதில்லை. அந்தப் பெயரைக் கேட்கவே தக்சாயினி ஞாயிறுதோறும் சபைக்குப் போகத் தொடங்கினாள். முதலில் வாசலில் நின்றாள். பிறகு கடைசிப் பாயில் இருந்தாள். பிரியந்தினி ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு மாதத்தில் தக்சாயினி ஞானஸ்நானம் பெற்றாள். அடுத்த ஞாயிறு திருவிருந்து. போதகர் கிறிஸ்ரோபர் நீட்டிய ஒரே திராட்சைரசக் கிண்ணம் கைமாறி வந்தது. பிரியந்தினி குடித்தாள். அடுத்ததாக இருந்தவள் தக்சாயினி. பிரியந்தினியின் கை கிண்ணத்தை விடவில்லை.

"இவவுக்கு நான் குடுக்கமாட்டன் ஐயா. என்ரை பிள்ளை இண்டைக்கும் இடக்கையாலைதான் சோறு தின்னுறான்."

தக்சாயினி எழுந்து நின்றாள்.

"அறைப் பூட்டின்ரை திறப்பு என்னட்டைத்தான் இருந்தது. 'அம்மா, கதவைத் திறவுங்கோ' எண்டு மூண்டு நாள் கேட்டவள். ஊர் என்ன சொல்லுமெண்டு நான் திறக்கேல்லை. அவளைச் சாகவிட்டது அவர் இல்லை. நான்தான்."

அதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. பிரியந்தினி நெடுநேரம் அவளைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தை நீட்டினாள். தக்சாயினி வாங்கிக் குடித்தாள்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னரே செய்தி போய்விட்டது. படலை பூட்டியிருந்தது. அவளுடைய உடுப்புகள் வெளியே ஒழுங்கையில் சிதறிக் கிடந்தன. உள்ளேயிருந்து பிரகலாதன் கத்தினான்:

"உவளவை குடிச்ச எச்சிலைக் குடிச்சிட்டு இந்த வீட்டு முற்றத்திலை கால் வையாதை! எனக்குப் பெண்சாதியும் செத்துப்போச்சு!"

அயலவர்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. குனிந்து உடுப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் சேர்ந்து பொறுக்கின. பிரியந்தினி.

"எங்கை போகப்போறியள்?"

"தெரியேல்லை."

"வாங்கோ. மண்வீடுதான்."

"என்னை மன்னிச்சிட்டியோ, பிரியந்தினி?"

"இல்லை," என்றாள் அவள். "அது எனக்கு இன்னும் ஏலாமல் கிடக்கு. ஆனால் உங்களை றோட்டிலை விட்டிட்டுப் போய் நான் என்னெண்டு செபிக்கிறது?"

உடுப்பு மூட்டையை இருவருமாகத் தூக்கினார்கள். வயல் வரம்பில் பிரியந்தினி முன்னே நடந்தாள். வீட்டில் யதுசன் இருந்தான். தக்சாயினியைக் கண்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். அன்று முழுக்க உள்ளே வரவில்லை.

பிரியந்தினி இரண்டு தட்டில் சோறு போட்டாள். இருவரும் ஒரே பாயில் இருந்து சாப்பிட்டார்கள்.